ஆண்கள் வராத குடில்

எங்களை ஆள்பிடித்துக் கூட்டிவந்த பெரிய கங்காணி, கட்டையில் போவான், நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கண்டிக்குக் கிழக்கே, தும்பறை மலைகளைத் தாண்டிப் புதிதாகக் காடு வெட்டிய கோப்பித் தோட்டத்துக்கு, காப்பிக்கொட்டை பறிக்கிற வேலைக்குக் கூட்டமாக நடந்துகொண்டிருந்தோம். வழியில் என் புருஷனுக்கு வாந்திபேதி கண்டது. எனக்கு நிறைமாதம். "ரெண்டு பேரும் மெதுவா வாங்க" என்றான் கங்காணி. மெதுவாக வருவதாம்! எதை நம்பி வருவது?

தட்டுத்தடுமாறி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினோம். நாலு பக்கமும் மலை. உப்பு வாங்க மட்டும் வெளியே போகிற சிங்களச் சனங்கள். ஊர் கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே எனக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. பெண்கள் ஓடிவந்து, ஓடைக்கு அப்பால் இருந்த குடிலுக்கு என்னைத் தூக்கிப் போனார்கள். தீட்டு நாட்களிலும் பிள்ளைப்பேற்றிலும் பெண்கள் ஒதுங்குகிற குடில் அது. ஆண்கள் அந்தக் கரையில் கால் வைக்கக்கூடாது. உள்ளே போனவளும் நாள் கழியாமல் வெளியே வரக்கூடாது. என் புருஷன் எதிர்க்கரையில் மரத்தடியில் கிடந்தார். வாந்திபேதி என்று தெரிந்ததும் ஊர் ஆண்கள் ஒருத்தரும் கிட்டே போகவில்லை.

ஆண் பிள்ளை பிறந்தான். அவன் அழுததுகூட என் காதில் விழவில்லை. "தண்ணி, தண்ணி" என்று அவர் கூப்பிட்டதுதான் கேட்டது. எழுந்தேன். "எப்பா, எப்பா" என்று, வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, கையைப் பிடித்துத் தடுத்தார்கள். போனால் திரும்பி வரமுடியாது என்று ஜாடை காட்டினார்கள்.

"பாவிகளா, ஒரு மனுசன் நாக்கு வறண்டு சாகுறானே!" என்று கத்தினேன். என்ன புரிந்ததோ, பிடியை விட்டார்கள். சில நாள் முன்பு பிள்ளை பெற்றவள் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் மடியில் என் மகனைப் போட்டுவிட்டு, சிரட்டையில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடையைக் கடந்தேன்.

குடித்தார்.

"என்ன புள்ள?"

"ஆம்பளப் புள்ளங்க."

"பாலு குடுத்தியா?"

"குடுத்தேங்க."

பொய்தான் சொன்னேன். அந்திக்குள் போய்விட்டார். கையாலேயே மண்ணைப் பறித்து அரைகுறையாக மூடினேன்.

பிள்ளையைத் தேடி ஓடினேன். மரக்கொப்புகளை நீட்டி மறித்தார்கள். நோய் என் மேலே இருக்கும் என்ற பயம். அது நியாயம்தான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, "ஒங்க கொலம் வெளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினேன். பத்து நாள் அதே மரத்தடியில் கிடந்தேன். ஓடையோரம் அவர்கள் வைத்துப்போன குரக்கன் என்கிற கேழ்வரகுக் கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. எதிர்க்கரையில் மகன் அழும்போதெல்லாம் கட்டிக்கொண்ட பாலைத் தரையில் பீய்ச்சினேன். பிறகு அதுவும் வரவில்லை.

எனக்கு நோய் காணவில்லை என்று உறுதியான பிறகு, அவனை மடியில் வாங்கிப் பால் கொடுத்த அந்தப் பெண் ஓடை நடுவே ஒரு பாறையில் அவனைக் கிடத்திவிட்டு விலகி நின்றாள். எடுத்துக்கொண்டு போய்விடு என்று பாதையைக் காட்டினாள்.

அள்ளி மார்பில் வைத்தேன். சப்பிப் பார்த்து வீறிட்டான். மறுமார்பையும் கொடுத்தேன். ஐயோ, ஒரு சொட்டு இல்லை. தோட்டத்துக்கு இன்னும் நாலு நாள் நடை. அவள் இன்னும் போகவில்லை. அவளது மார்புத்துணி பாலில் நனைந்திருந்தது.

மகனைத் திரும்பப் பாறையில் வைத்தேன். அவள் எடுத்து அணைத்ததும் அழுகையை நிறுத்திவிட்டான்.