குழுவைப் பூட்டினேன், நெல் நனையப் பார்த்தது

வரிச்சிக்குடியில் சாலையோரம் நெல் காயப்போடும் நாங்கள், மழை வந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அட்மின் நான்தான். குழுவின் லிங்க்கை யாரோ வெளியில் அனுப்பிவிட, முகம் தெரியாத ஒருவன் உள்ளே வந்து அசிங்கமான வீடியோ போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நீக்கியதோடு, இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று செட்டிங்கையும் மாற்றிவிட்டேன்.

குறுவை அறுவடை முடிந்த வாரம், போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுக் காரைக்காலில் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தேன். மேற்கே நெடுங்காட்டில் இருக்கும் என் நாத்தனார் மல்லிகா, அங்கே மழை பிடித்துக்கொண்டதும் குழுவில் சொல்லப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. எனக்கு அடித்தும் நான் எடுக்கவில்லை. உடனே ஸ்கூட்டரில் எங்கள் ஊருக்கே வந்து, சாலை நெடுகச் சத்தம் போட்டிருக்கிறாள். கடைசித் தார்ப்பாயை இழுத்து மூடும்போது மழை கொட்டிவிட்டதாம். ஓரத்து நெல் கொஞ்சம்தான் நனைந்தது.

நான் வீடு திரும்பியபோது தலையைத் துவட்டிக்கொண்டே, "எவனோ ஒருத்தனுக்காக எங்க எல்லார் வாயையும் கட்டிட்டீங்களே அண்ணி!" என்றாள்.

அன்றே பழைய லிங்க்கை ரத்து செய்தேன். இப்போது புதியவர்கள் அனுமதி வாங்கித்தான் சேர முடியும்; சேர்ந்தவர்கள் எல்லோரும் பேசலாம். மல்லிகாவும் ஓர் அட்மின். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள் மறுபடி வரிசையாக வருகின்றன. வரட்டும். மழைச் செய்தியும் அதே வழியாகத்தானே வர வேண்டும்!