பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள்

குட்னியைப் பற்றி எங்கள் ஃபூருடால் ஊரில் யாரிடம் கேட்டாலும், "பள்ளிக்கூடத்தை நிறுத்தினாளே, அவளா?" என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் ஜாஸ்தி, நியாயம் கொஞ்சம் கம்மி. நானும் இந்த ஊர்க்காரன்தான்.

மர ஆலையில் பலகை உலர்த்தும் சூளையை இருபத்திரண்டு வருடம் பார்த்தவள், ஐம்பத்தாறு வயதில் கட்டட வேலைக்கு வந்தாள். புதிய பள்ளி முழுக்க மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய, ஒரு சாண் கனமுள்ள பாளங்கள். நான் கிரேனில் தூக்கிக் கொடுப்பேன், தச்சர்கள் திருகி இறுக்குவார்கள். குட்னி இரண்டு ஊசிகளை மரத்தில் அடித்து உள்ளே எத்தனை சதவீதம் ஈரம் என்று மீட்டரில் பார்ப்பாள். "நர்ஸம்மா ஊசி போட வந்தாச்சு!" என்று கத்துவோம். எண் பதினாறைத் தாண்டினால் அந்த இடத்தை மூடக் கூடாது. மூடினால் ஈரம் உள்ளேயே கிடந்து மரம் உளுத்துப்போகும். நார்வேயில் மழைக்கு நேரம் காலம் ஏது? அதனால் பெரிய கூடாரத்துக்குள் வைத்துத்தான் கட்டினோம்.

மே மாதம் கடைசிக் கூரைப் பாளமும் ஏறியது. அன்றைக்கு உச்சியில் தழை வளையம் கட்டி, கட்டச் சொன்னவர்கள் வேலையாட்களான எங்களுக்கு விருந்து போடுவது வழக்கம். கூடாரத்தைத் திறந்தே தீரவேண்டும் என்றான் மேஸ்திரி ஐவின்.

"வானம் பாக்காத வளையம் ஒரு வளையமா? அரை மணி நேரம் திற குட்னி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அரை மணிதான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது." கூடாரத்தைத் திறந்து மூடும் மோட்டாரின் சாவியை என் கையில் கொடுத்தாள். "வளையம் ஏறினதும் மூடிடு." அன்று அவளுக்குப் பல் டாக்டரிடம் நேரம், போய்விட்டாள்.

வளையத்தை ஏற்றினேன். கீழே மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் குழைய வெந்த வாசனை. சாப்பிட்டுவிட்டு மூடலாம் என்று இறங்கினேன். இரண்டாவது தட்டு, அப்புறம் பாட்டு. மழை வந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரையில் தண்ணீர் நின்றது. துடைத்தோம், இரண்டு நாள் சூடான காற்றடித்தோம்.

திங்கட்கிழமை கூரைப் பாளங்களை மேலுறை போட்டு மூட ஆட்கள் வந்து நின்றார்கள். குட்னி பாளங்கள் சேரும் இடத்தில் ஊசி அடித்தாள்.

"இருபத்துநாலு."

"மேல நல்லா காஞ்சிருக்கு பாரு!" என்றான் ஐவின்.

"மேல காஞ்சிருக்கு. உள்ள தண்ணி."

"மூணு வருஷமா பிள்ளைங்க தகரக் கொட்டகைல படிக்குது. ஆகஸ்ட்ல திறக்கணும். பதினஞ்சுன்னு எழுதேன், குடியா முழுகிடும்?"

"இந்தக் கூரைக்குக் கீழதான் அந்தப் பிள்ளைங்க உக்காரப் போகுது."

"எழுதினா உன் வேலை போயிடும், பைத்தியக்காரி!"

"தெரியும். தள்ளு, எழுதணும்."

எழுதினாள். 'கூடாரத்தைத் திறக்க அனுமதித்தது நான்' என்றும் சேர்த்து எழுதினாள். அந்தத் தாளில் என் பெயரைத் தேடினேன். இல்லை. அப்பாடா என்றிருந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷன்!

பள்ளி அக்டோபரில்தான் திறந்தது. அவளே எழுதிய அந்த வரியைக் காட்டி அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். கடையில் ரொட்டி விற்க நின்றாள். கொட்டகையில் இரண்டு மாதம் கூடுதலாகக் குளிரில் உட்கார்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. வீட்டில் அவள் குட்னியைத் திட்டும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஐவின் தனக்கே அதே மாதிரி மர வீடு கட்ட ஆரம்பித்தான். ஒரு நாள் ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவன், குட்னி பக்கம் குனிந்தான்.

"சனிக்கிழமை என் வீட்டுச் சுவரைப் பாக்க வரியா? நம்ம ஆளுங்க காதுல மட்டும் போட வேண்டாம்."

"ஏன், என் இடத்துக்கு வந்தவர் பாக்க மாட்டாரா?"

"அவன் எதுல ஊசி அடிச்சாலும் பன்னெண்டுங்கறான்."

குட்னி ரொட்டியைப் பையில் போட்டாள். "ரகசியமா வர மாட்டேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல, எல்லார் முன்னாடியும் என்னைக் கூப்பிட்டதாச் சொல்லு. அப்ப வரேன்."

மறுநாள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் ஐவின் எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது. "என் வீட்டுக்கு ஈரம் பாக்கக் குட்னியைக் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்குக் கூடாரத்தைத் திறக்கச் சொல்லி அவளை நச்சரிச்சது நான்தான்."

நான் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"மூட வேண்டியவன் நான்," என்றேன். "சாவி என் கைலதான் இருந்துச்சு."

எதிரில் இருந்தவன் காபி பிளாஸ்கை என் பக்கம் நகர்த்தினான்.

சனிக்கிழமை குட்னி வந்தாள். பாளம் தூக்கிக் கொடுக்க நானும் போயிருந்தேன். கிறிஸ்துமஸுக்குள் குடிபுக வேண்டும் என்று, ஐவினின் மனைவி அதுவரை அவர்கள் குடியிருந்த கேரவன் வண்டிக்குள்ளே சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். குட்னி படுக்கையறைச் சுவரில் ஊசி அடித்துப் பார்த்தாள்.

"பத்தொன்பது. மூடாதே."

ஐவின் என்னைப் பார்த்தான். பிறகு திருகும் மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் முடியாது என்று மனைவியிடம் சொல்லக் கேரவனை நோக்கி நடந்தான்.