கிணற்றைப் பெண் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி அன்னக், காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் நேராகக் கழிப்பறைக்குப் போவார். அங்கே கைகழுவும் சின்னத் தொட்டியின் குழாயில் தன் புட்டியை நிரப்பி, நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்தும் விடுவார். நெதர்லாந்துக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் இந்தக் காட்சிக்கு என் கண் பழகவில்லை. இங்கே குடிப்பதற்கும் துவைப்பதற்கும் கழிப்பறையில் இழுத்துவிடுவதற்கும் ஒரே தண்ணீர்தான். 'க்ரான்வாட்டர்' என்பார்கள், குழாய்த் தண்ணீர். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பெற்ற பிள்ளையைச் சொல்வது போல ஒரு பெருமை வரும். அது சுத்தமான தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதே என் பிழைப்பு. இருந்தும் மாடிப்படி ஏறிப் போய் சமையலறைக் குழாயில்தான் பிடிப்பேன். இரண்டும் ஒரே குழாயிலிருந்து பிரிந்து வருகின்றன என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, தொண்டைக்குத் தெரியவில்லையே.

இதை ஒருநாள் தொலைபேசியில் அக்காவிடம் சொன்னபோது, "ச்சீ, இன்னாடி சொல்ற? கக்கூஸ்லயா புடிச்சிக் குடிக்கிறாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் "கக்கூஸ்ல வர்ற தண்ணியே குடிக்கிற மாதிரி கீதுன்னா, குடுத்து வச்சவங்கதான்" என்றாள்.

அக்கா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முட்டுக்காட்டைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் குப்பம். நான் பிறந்த ஊர். அக்கா இன்றும் இருக்கிற ஊர். கரையில் ஏலம் எடுத்த மீனைத் திருப்போரூருக்குக் கொண்டுபோய் விற்கிறாள். ஊருக்கு நடுவில் ஒரு பொதுக்கிணறு. நான் பள்ளிக்குப் போன காலத்திலேயே அதில் உப்பு ஏறிவிட்டது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெள்ளைச் சட்டை இரண்டு துவையலில் பழுப்பாகிவிடும். ஆனாலும் அதைத்தான் குடித்து வளர்ந்தோம். அதற்குப் பிறகு சாலையின் இரு பக்கமும் ரிசார்ட்டுகள் வந்தன. புல்தரையைப் பச்சையாக வைத்திருக்க ஆழமாக போர் போட்டு உறிஞ்சினார்கள். மேலே இருந்த நல்ல தண்ணீர் போன இடத்தில் கீழேயிருந்து கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கிணறு குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். கேன் வண்டி வராத நாளில் கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சிக் குடிக்கிறார்கள். நான் குடியிருக்கும் ஊரோ கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலை வெளியே நிறுத்தி வைக்கவென்றே இவர்களிடம் சபையும் வரியும் தேர்தலும் உண்டு. மேட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குள் கடல் கேட்பாரில்லாமல் வந்துபோகிறது. எரிச்சலாக இருக்காதா?

அதனால்தான் எங்கள் பல்கலைக்கழகமும் சென்னையில் ஒரு கல்லூரியும் சேர்ந்து அந்தக் கடற்கரைக் கிணறுகளை ஆராயப்போகின்றன என்று கேட்டதும் துள்ளிக் குதித்தேன். கிணறு மிகவும் உப்பேறிய ஊர்களுக்கு உப்பு நீக்கும் சிறு நிலையம் ஒன்றும் கட்டித் தருவார்கள். பட்டியலில் எங்கள் குப்பமும் இருந்தது. சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில் நான் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கக்கூடாது என்றார்கள், நியாயம்தான். என் இடத்தில் யோஸ்ட் என்ற இளைஞன் போனான். நெட்டையன், நல்ல பையன், வெயிலில் இறால் மாதிரி சிவந்துவிடுவான். திரும்பி வந்தவன், "உங்கள் ஊரில் தண்ணீர் அருமை. நானே குடித்தேன், எல்லோரும் கைதட்டினார்கள்" என்றான். மாதிரிகளின் முடிவும் அதையேதான் சொன்னது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாவலூர் அடுக்குமாடியில் வடிகட்டி வரும் தண்ணீருக்கு நிகராக இருந்தது. பட்டியலிலிருந்து எங்கள் ஊரை அடித்துவிட்டார்கள்.

அன்றே அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரே குஷி. "உங்க ஆளுங்க வந்துட்டுப் போனாங்கடி! ஒரு கொறையும் வெக்கல. பஞ்சாயத்துல முன்னாடியே சொல்லிட்டாங்க, இன்ன தேதில வராங்கன்னு. ஊர் கூடிப் பேசி, கெணத்த எறச்சிட்டு, ரெண்டு லாரி நல்ல தண்ணி வாங்கி ஊத்திட்டோம்."

"ஏன்க்கா ஊத்தினீங்க?" என்று கத்திவிட்டேன்.

"பின்ன? அவ்ளோ தூரத்துலேர்ந்து கெணத்தப் பாக்க வராங்க. அந்த உப்புத் தண்ணியையா மொண்டு காட்டுவாங்க? ஊரு மானம் இன்னாவறது?"

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. இந்த நாட்டில் 'அஃப்ஸ்ப்ராக்' இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். நாள், நேரம் எல்லாம் பேசி முடிவுசெய்து போனால் ஒரு காபி, ஒரு பிஸ்கட். பிஸ்கட் டப்பா உடனே மூடப்படும். முன்கூட்டிச் சொல்வது இவர்களுக்கு மரியாதை. ஆய்வு விதிகளிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஊருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துச் சம்மதம் வாங்கவேண்டும். எங்கள் குப்பத்தில் தேதி சொல்லிவிட்டு வருகிறவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன செய்வோம்? இரவல் நகையாவது வாங்கிப் போட்டு நிறுத்துவோம். கிணற்றுக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இதை அன்னக்கிடம் விளக்கியது என் வாழ்நாளின் பெரிய தோல்வி. "அப்படியானால் மாதிரியைக் கலப்படம் செய்தார்கள்" என்றார். இல்லை, உபசரித்தார்கள் என்றேன். "நாங்கள் விருந்துக்குப் போகவில்லையே, உதவி செய்யத்தானே போனோம்? மோசமான தண்ணீரைக் காட்டினால்தானே உதவி கிடைக்கும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். உதவி கேட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கும் ரோஷம் உண்டு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சென்னைக் கல்லூரிப் பேராசிரியரோ காணொளிக் கூட்டத்தில் திரையில் தெரிந்த முகம் சிவக்க, "முன்னாடியே சொல்லிட்டுப் போகணும்னு ரூல் போட்டது நீங்க. இப்ப எங்க ஃபீல்ட் ஒர்க் தப்புங்கறீங்க. பொறந்த ஊருங்கறதால ஃபீல் பண்றீங்க மேடம், சயின்ஸ்ல அதுக்கெல்லாம் இடமில்லை" என்றார். இங்கே நான் இந்தியர்களுக்குப் பரிந்து பேசுகிறவள். அங்கே வெள்ளைக்காரர்களோடு சேர்ந்துகொண்டு குறை சொல்கிறவள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரு நாட்டு அறிவியல் கூட்டுறவு என்று கதவில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அன்னக் ஒரு வழி சொன்னார். எந்த நாளில் வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரே சம்மதித்தால், அடுத்த சுற்றில் எங்கள் கிணற்றைச் சேர்க்கலாம். சம்மதிக்க வைக்க வேண்டியது அக்காவை. மகளிர் குழுவில் அவள் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை. போனில் பேசினால் பிடிகொடுக்காமல் நழுவினாள். கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கேன் தண்ணீர். "கிணத்துத் தண்ணி குடுக்கா" என்றேன். "ஒத்துக்காதுடி, பேஜாரு பண்ணாத" என்றாள். நானே போய் மொண்டு வந்தேன். பதினெட்டு வயதுவரை இதைக் குடித்து வளர்ந்தவள்தானே என்ற திமிர். ஒரு வாய் விட்டதும் நாக்கு சுருண்டது. விழுங்க முடியவில்லை. முற்றத்தில் போய்த் துப்பினேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் கெட்டுப்போனதற்கா, நான் கெட்டுப்போனதற்கா என்று தெரியவில்லை.

"உனக்கே எறங்கல. அவங்களுக்கு நான் எப்டிக் குடுப்பேன்?" என்றாள்.

"நீ குடிக்கக் குடுக்க வேணாம்க்கா. கெணத்துல இருக்கிறது இருக்கிற மாதிரி இருந்தாப் போதும். லாரி மட்டும் ஊத்தாதீங்க."

சொம்பில் மீதியிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரம் கழுவும் அன்னக்கூடையில் ஊற்றினாள். மறுநாள் மீன் விற்றுவிட்டு வந்தவள், கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "குழுவுல பேசிட்டேன். எப்ப வோணா வரட்டும், சொல்லாமயே வரட்டும். கெணத்துல கீறத மொண்டுகினு போவட்டும். ஆனா வூட்டுக்குள்ள வந்தா கேன் தண்ணிதான் குடுப்பேன். அத ஒன்னும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிடு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அடுத்த சுற்று எப்போது என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பணம் ஒதுக்குவார்களா என்றே இன்னும் தெரியாது.

கிளம்பும் நாளில் கிணற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் அடைத்து, துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். நான் எடுத்த மாதிரி செல்லாது. ஆனாலும் அன்னக்கின் மேசையில் கொண்டுபோய் வைப்பேன். வழியில் குடிக்க என்று அக்கா இன்னொரு புட்டியைக் கையில் திணித்தாள். அது கேன் தண்ணீர். மீனம்பாக்கம் விமான நிலையச் சோதனை வரிசையில் அதைக் கொட்டச் சொன்னார்கள். கொட்ட மனம் வரவில்லை. ஓரமாகக்கூட ஒதுங்காமல் நின்று குடிக்க ஆரம்பித்தேன். "உள்ள போனா தண்ணி கிடைக்கும்மா" என்று பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். கிடைக்கும், எனக்குத் தெரியும். பெட்டியும் அதற்குள் இருந்த ஊர்க் கிணறும் முன்னாலேயே போய்விட்டிருந்தன. விருந்தாளிக்கென்று அக்கா கொடுத்த தண்ணீரை நான் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலிப் புட்டியோடு உள்ளே போனேன்.