வாயு மூலையும் வெள்ளை வேஷ்டியும்

அப்பாவின் மரப்பட்டறைக்கு முதலில் வந்து சேர்ந்தது மரமும் இல்லை, ரம்பமும் இல்லை. ஒரு டப்பா சாக்பீஸ்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கோடியில், மாடு போய் வெகுகாலம் ஆன ஒரு தொழுவம் சும்மா கிடந்தது. அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. வாரம் முழுக்க ஃபைலோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாக்பீஸும் கையுமாகத் தொழுவத்துக்குள் போய்விடுவார். சிமெண்டுத் தரையில் கட்டம் கட்டமாகப் போடுவார். இது அறுப்பு மெஷின், இது இழைப்பு மெஷின், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வேலை மேஜை. நீளப் பலகையைத் தள்ள மெஷினுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் வேண்டுமாம். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

நான் அப்போது இரண்டாம் கிளாஸ். அந்தக் கோடுகளுக்குள்ளேயே குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கும். இல்லாத மெஷின்களுக்கு நடுவே நான் சுற்றிச் சுற்றி வருவேன். தெரியாமல் கோட்டை மிதித்துவிட்டால் போச்சு, அப்பா பதறிவிடுவார்.

"ஐயையோ, பிளேடு மேலே காலை வெக்கறயேடி!"

நானும் நிஜமாகவே காலை உதறிக்கொள்வேன். எங்கள் பூனைக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. இழைப்பு மெஷினுக்குள் சுருண்டு படுத்துத் தூங்கும். அப்பா அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போவார்.

இத்தனை யோசனையும் தூசியை நினைத்துத்தான். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. உளுந்து புடைத்தால் வரும், பக்கத்து வீட்டில் பாய் உதறினால் வரும். வந்துவிட்டால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அப்படிப்பட்ட வீட்டில் மரம் அறுப்பதாவது! ஆனாலும் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தயம் கட்டினாள்.

"கொடியிலே ஒரு வெள்ளை வேஷ்டி போடறேன். காலம்பற தொடங்கி சாயங்காலம் வரைக்கும் நீங்க அறுங்கோ. வேஷ்டி வெள்ளையா இருந்தா பட்டறை இருக்கட்டும். மஞ்சளிச்சுதோ, மெஷின் ஆக்ரிக்கடைக்காக்கும். கேட்டேளா?"

கேட்டுக்கொண்டார். பழைய இரும்புக்குப் போகிற மெஷினையா நான் வாங்கப்போகிறேன் என்று சிரிக்கவும் செய்தார். ஜெயித்தால் பட்டறையில் முதலில் செய்வது எனக்கு ஊஞ்சல் பலகை என்றார். ஆகவே, பந்தயத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

தூசியை வெளியே இழுக்க ஒரு பெரிய விசிறி வேண்டும். சாலைக் கடைத்தெருவில், ஏதோ ஒரு ஹோட்டல் அடுக்களையிலிருந்து கழற்றியது ஒன்று அகப்பட்டது. கடைக்கார அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்து ஆள். "வடை சுடுத பொகையவே இழுத்துச்சு சார், மரத்தூளு எம்மாத்திரம்!" என்று தூக்கிக் கொடுத்தார். துடைத்த பிறகும் அதில் எண்ணெய் வாசனை போகவில்லை.

அதை எந்தச் சுவரில் பொருத்துவது என்று அப்பா குழம்பிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வாஸ்து தெரிந்தவர் என்று தெருவில் பெயர். அந்தப் பெயரை வைத்தது அவரேதான்.

"காத்தைத் தள்ற சாமான் வாயு மூலையிலன்னா இருக்கணும், அத்திம்பேர்? வடமேற்கு. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறேளே!"

அம்மாவுக்குத் தம்பி பேச்சில் பெருமை. அப்பாவுக்கு அம்மாவின் முகம் மலர்ந்ததில் சந்தோஷம். மேற்குச் சுவரில், வடக்கு ஓரமாக ஓட்டை போட்டாயிற்று. மெஷினிலிருந்து ஒரு குழாய் தகர டிரம்முக்குள் போகும். கனத்த தூள் அதில் விழும், மிச்சத்தை விசிறி வெளியே தள்ளும். பரிசோதனைக்கு அப்பா என் கையில் ஊதுபத்தியைக் கொடுத்தார். விசிறியைப் போட்டார். நான் சாக்பீஸ் கோடுகள் மேல் மெல்ல நடந்தேன். புகை நாடா மாதிரி என் கையிலிருந்து நீண்டு, வளைந்து, ஓட்டைக்குள் போய் மறைந்தது. பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்குக் கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. "சபாஷ்!" என்றார் மாமா.

இது நடந்தது காலையில். எங்கள் ஊருக்குக் கடல் மேற்கே. காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், மத்தியானம் கடலிலிருந்து திரும்பி வரும். பிறந்தது முதல் அந்தக் காற்றிலேயே துணி உலர்த்திய பெரியவர்கள் மூன்று பேருக்கும் அது அன்று தோன்றவில்லை. வாயு மூலையில் விசிறி இருந்தால் வாயு சொன்னபடி கேட்பான் என்று நினைத்துவிட்டார்கள்.

பந்தய நாள் வந்தது. அதற்குள் அறுப்பு மெஷின் வந்திருந்தது, மற்றவை இன்னும் சாக்பீஸ்தான். அம்மா பச்சைக் கரை போட்ட வேஷ்டியைக் கொடியில் விரித்தாள். அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பலாமரத்தை அறுக்கத் தொடங்கினார். மத்தியானம் வரை வேஷ்டி பளிச்சென்று இருந்தது. நான் மனசுக்குள் ஊஞ்சலாட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. விசிறி தள்ளிய தூளெல்லாம் தொழுவத்துக்கு மேலே ஏறி, வெயிலில் பொன்னாக மினுங்கிக்கொண்டு, ஆடி அசைந்து எங்கள் கொல்லைக்கே வந்து இறங்கியது. அத்தனை அழகு. நான் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தேன். வேஷ்டி மஞ்சளில் முக்கிய மாதிரி ஆகிவிட்டது.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தொழுவத்துப் பக்கம் பார்த்தாள். உள்ளே மெஷின் சத்தத்துக்கு மேலே அப்பா ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. அம்மா அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சரசரவென்று வேஷ்டியை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டு, உள்ளே போய் வேறொரு வேஷ்டியைக் கொண்டுவந்து, மெஷின் ஓய்ந்ததும் கொடியில் போட்டாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

அப்பா வந்தார். வேஷ்டி வெள்ளை வெளேரென்று தொங்கியது, பெட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை. அதன் கரை சிவப்பு. அப்பா கட்டை விரலால் அந்தக் கரையை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிக்கொண்டே போனார்.

"நான் ஜெயிச்சுட்டேன் போல இருக்கே" என்றார் மெதுவாக.

"ஜெயிச்சேள், ஜெயிச்சேள். போய்க் கை காலை அலம்புங்கோ."

சாயங்காலமே அம்மாவுக்கு இழுப்பு வந்தது. தலைக்குக் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அப்பா வெந்நீர் போட்டுக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா, "மத்தியானமானா தூக்கம் கண்ணைச் சுழட்டறது. இனி காலம்பற மட்டுந்தான் அறுப்பேன்" என்று அறிவித்தார். "ஆபீஸ் உடம்பு, அத்திம்பேர்!" என்று மாமா கேலி செய்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டார். விசிறி வாயு மூலையிலேயே மரியாதையாக இருந்தது. ஆனால் மத்தியானம் நான் எட்டிப் பார்த்தால், அப்பா தூங்கவில்லை. காற்று திரும்புவதற்குள் தரை, சுவர், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதற்கு இந்தத் தண்ணீர் விளையாட்டு என்று எனக்கு விளங்கவில்லை.

முதலில் செய்தது ஊஞ்சல் பலகையும் இல்லை. கட்டிலில் வைத்துச் சாய்ந்துகொள்ள, சரிவான ஒரு பலாப்பலகை. அம்மா அதில் சாய்ந்து உட்கார்ந்து முதல் தடவையாகத் தூங்கியபோது நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆட்டத்தில் கள்ளம் காட்டினவளுக்கே பரிசா? இது என்ன நியாயம்? எல்லாவற்றையும் அப்பாவிடம் போட்டு உடைக்க நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் சொல்லவில்லை. இவ்வளவு படித்த மனுஷருக்குப் பச்சைக் கரைக்கும் சிவப்புக் கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று, அப்பாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது.