ஏலம் போன தையல் மெஷின்

என் அப்பா ஒரே வாரத்தில் புண்ணியவான் ஆகிவிட்டார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் ஊரில், ஆரியசாலைத் தெருவிலிருந்த பலசரக்கு மொத்தக் கடையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவரைப் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியார்தான் ஒரு வாரத் தியானக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தார். போகும்போது குடிகாரர்; திரும்பி வந்தபோது கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஸ்தோத்திரம். அதன் பிறகு அவர் குடிக்கவே இல்லை. அந்த வரைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் மனம் நிறைய நிறைய எங்கள் வீடு காலியானது. பொருளாசை இருக்கும் வீட்டில் ஆண்டவர் தங்கமாட்டார் என்று தியானத்தில் சொன்னார்களாம். முதலில் டிவி ஓர் அநாதை இல்லத்துக்குப் போனது. அடுத்து பங்குத் திருவிழா வந்தது. காணிக்கையாக வரும் சேவல், வாழைக்குலை, பலாப்பழம் எல்லாவற்றையும் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அப்பா தன் காணிக்கையாக அம்மாவின் தையல் மெஷினை நேர்ந்துகொண்டார்.

அது கல்யாணத்துக்கு முன்பே அம்மா தைத்துச் சம்பாதித்து வாங்கியது. அப்பா குடித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டதும் அதுதான். பெடலை மிதித்தபடியே முணுமுணுவென்று ஜெபம் சொல்வாள். அப்போது நாங்கள் எதைக் கேட்டாலும் அவள் காதில் விழாது. முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும்.

"அது எனக்க மெஷினாக்கும்" என்றாள் அம்மா.

"எனக்க, உனக்க எல்லாம் போச்சு. எல்லாம் ஆண்டவருக்குள்ளது" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. முன்பானால் அடித்திருப்பார்.

அவருடைய ஸ்கூட்டர் மட்டும் ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வரத் தேவைப்பட்டது.

ஏலத்தன்று சாமியார் மைக்கில் அப்பாவைப் பாராட்டினார். கூட்டம் கைதட்டியது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமை தாங்காமல் நின்றேன். சாலை என்னும் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் மெஷினை எடுத்தார். வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லாமல் அம்மா அவரிடமே கூலி வேலைக்குப் போனாள். அவர் அவளை அதே மெஷினில் உட்கார வைத்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போவேன். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் உதடுகள் அசையவே அசையாது.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் அப்பா எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைப் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சாட்சி சொன்னார். "நான் ஒரு மெஷினைக் குடுத்தேன். ஆண்டவரு எனக்க வீட்டுக்காரிக்கு ஒரு ஜோலியே தந்தாரு."

எல்லோரும் கைகளை உயர்த்தி அல்லேலூயா என்றார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டு, அப்பாவுக்குக் கொடுத்த மனதை அவளுக்கும் கொடும் ஆண்டவரே என்று மன்றாடினேன்.