என் காலுக்கடியில் இல்லாத பிரேக்

காலை ஏழு இருபதுக்கு என் வலது கால் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, மேட் மட்டும்தான் இருந்தது.

பதினெட்டு வருடமாகச் சங்கரன்கோவிலில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன். எங்கள் டிரெயினிங் வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். என் மகள் ஜெனிபாவும் அதில்தான் பழகினாள்.

அன்று அவளுடைய புதுக் காரில், ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கப் புளியங்குடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஆள் நின்றால் தானே பிரேக் போடும் கார்.

“ஏட்டி, மெதுவாப் போ. ரோட்டுல உளுந்து போட்டிருக்காவ.”

“வண்டிக்கும் கண்ணு இருக்கும்மா. நீ சும்மா வா.”

அறுப்புக் காலத்தில் உளுந்தஞ்செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். செடியில் ஏறுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏறியபின் பிரேக்கைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லுவேன்.

கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டு நடுவில் ஒரு பெண் நின்றாள். கார் அவளைப் பார்த்தது, பிரேக்கும் போட்டது. ஆனால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது காய்ந்த செடி. வண்டி வழுக்கிக்கொண்டே போனது. அவள் கம்பைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகினாள். ஜெனிபா ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஓரத்தில் அடுக்கியிருந்த, மாட்டுக்குப் போடும் உளுந்தம்பொட்டு மூட்டைகளில் முட்டி நின்றோம்.

“ஏட்டி, நான் என்ன உளுந்தா, ஏத்தி உடைக்கதுக்கு?” என்று அந்தப் பெண் கத்தினாள். அவள் கத்தியது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

“அதான் நின்னுட்டுல்லாம்மா?” என்றாள் ஜெனிபா. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரை மட்டும் எப்படிக் குறை சொல்ல? பழகிய நாளெல்லாம் அவள் மிதிக்குமுன் நானே மிதித்திருக்கிறேன், மற்றவர்களைவிடச் சீக்கிரமாக. மகள் அல்லவா! என் கால் பார்த்த வேலையைக் கார் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் கடைசி மூன்று வகுப்பையும் காலி மைதானத்தில் வைத்து, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டு உட்காருகிறேன். பழகுகிறவர்களைவிட எனக்குத்தான் வியர்க்கிறது.

அன்று சத்தம் கேட்டுக் கூடியவர்களில் கடைசியாக மொபெட்டில் வந்து சேர்ந்தவர், அந்தப் பெண்ணின் கணவர். அவர்கள் மகளும் என்னிடம் பழகியவள்தான். அவர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார், ஜெனிபாவைப் பார்த்தார், பிறகு என் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார்.

“டீச்சரம்மா, கால எடுங்க. வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு.”