காலால் பிறந்தவளின் வைத்தியம்

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு ஓடிவிடும் என்பதில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் ஏழு வயதிலேயே எனக்கு ஒரு தொழில் அமைந்துவிட்டது. பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் ஓங்கி ஒரு மிதி மிதிப்பேன். இரண்டு நாளில் வாழைப்பழச் சீப்பு வீடு தேடி வரும். இரண்டு நாளில் பிடிப்பு தானாகவே விட்டுவிடும் என்பதை அப்போது யார் கண்டது?

என் புகழுக்குக் களங்கம் வந்தது மாமாவால்தான். அம்மாவின் தம்பி, ரயில் எஞ்சினில் கரி போடுகிறவர், எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் முதுகு வலிக்கிறது என்றார். மிதித்தேன். அடுத்த வாரம் வலி முட்டிக்குப் போனது. முட்டியையும் மிதித்தேன். அது தோளுக்கு ஏறி, மறுபடி முதுகுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்க ஒழுங்காப் படுக்க மாட்டேங்கிறீங்க மாமா," என்று கோபித்துக்கொண்டேன்.

"இல்லம்மா, உன் காலுக்குப் பயந்து அது ஓடி ஒளியுது."

மிதித்த இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. அம்மா திட்டினாள். வைத்தியம் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம் என்று நான் அறிவித்தேன்.

சாயங்காலம் தோறும் மாமாவுக்குக் காய்ச்சல் வரவே, அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாராம். முதுகு வலிக்கு விரலில் குத்துகிறவர் என்ன டாக்டர்! சில நாள் கழித்து, கோளாறு முதுகில் இல்லை, ரத்தத்தில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரத்தப் புற்று சிலருக்கு முதுகுவலியாகவும் மூட்டுவலியாகவும்தான் முதலில் தலைகாட்டும் என்பது, மாமா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டது. அன்று அம்மா அடுப்பே மூட்டவில்லை. டாக்டர் என் வைத்தியத்தைக் குறை சொல்லிவிட்டார் போலும் என்று மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

மாமா கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாம்மா. டாக்டருக்குத் தெரியாம மெதுவா ஒரு மிதி மிதி."

இனி மிதிக்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பெருவிரலால் மட்டும் முதுகைத் தொட்டேன்.

"அடடா! போயிருச்சு!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

டாக்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வழக்கமாக என்னைக் கேலி செய்யும் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. கடைசியில் என் திறமையை ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தி வீடு திரும்பினேன்.